கூரில்லாத கத்தியும் பேரில்லாத சரக்கும்

நம் மல்லாங்கிணறு கடைத்தெருவிலும் சரி, காரியாபட்டி, விருதுநகர் பக்கத்திலும் சரி, எந்தப் பலசரக்குக் கடையில் ஏறி நின்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். ஷாம்பு சரத்திற்கும் ஊதுபத்திக் கட்டிற்கும் நடுவே, அட்டையில் கோத்த கத்திகள் வரிசையாகத் தொங்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிளாஸ்டிக் பிடிகள். விலை முப்பதோ நாற்பதோ. லைன் வண்டிக்காரர் அட்டையோடு கொடுத்து விட்டுப் போவார். நாமும் ஆணியில் மாட்டி விடுவோம். வாங்குபவர் கேட்டால் ஒன்றை உருவிக் கொடுப்போம். அத்தோடு நம் வேலை முடிந்தது என்று எண்ணிக் கொள்கிறோம்.

உளுந்து வாங்கும்போது நாம் இப்படியா வாங்குகிறோம்? கையில் அள்ளிப் பார்க்கிறோம், ஒன்றிரண்டைக் கடித்துப் பார்க்கிறோம். வத்தலைக் காம்போடு முறித்து ஈரம் இருக்கிறதா என்று சோதிக்கிறோம். மல்லியை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்க்கிறோம். சரக்கைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்வது விருதுநகர் வட்டார வியாபாரிகளுக்குப் பரம்பரையாக வந்த வித்தை. அந்தக் கண்ணும் கையும் ஆணியில் தொங்கும் கத்தியிடம் மட்டும் வேலை செய்வதில்லை. இதைத்தான் இக்கட்டுரையில் வணிகப் பெருமக்களின் கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறேன்.

என் கடையில் நடந்தது

சென்ற ஆண்டு என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பெண்மணி, இடது கைப் பெருவிரலில் துணியைச் சுற்றிக் கொண்டு வந்தார். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலைக்குப் போகிறவர். விடியும் முன்பே வேன் வந்து விடும். அதற்குள் சோறு பொங்கி, குழம்பு வைத்து, தூக்குவாளியில் கட்ட வேண்டும். அந்த அவசரத்தில் சேனைக்கிழங்கை நறுக்கும்போது கத்தி வழுக்கி விரலில் இறங்கி விட்டது. கத்தி என் கடையில் வாங்கியது.

அவர் சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, ஒங்க கத்தி காயை வெட்ட மாட்டேங்குது, கையைத்தான் வெட்டுது" என்று சிரித்துக் கொண்டே சொல்லி விட்டு, கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக் கொண்டு போனார். அடுத்த பத்து நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சரம் பின்னுவதற்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. விரல் ஓடினால்தான் கூலி. பத்து நாள் கூலி போனதோடு, என் நோட்டில் அவர் பற்றும் ஏறியது. முப்பது ரூபாய் கத்தியில் எனக்குக் கிடைத்த லாபம் ஏழு ரூபாய்.

பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் இரும்புக் கருவியைக் கொண்டு போக விடமாட்டார்கள். உரசினால் பொறி பறக்கும் என்பதால் மரம், பித்தளை போன்றவற்றால் செய்த கருவிதான் அங்கே. வேலைத்தலத்தில் எந்தக் கருவி எதற்கு என்று இவ்வளவு பார்க்கிற ஒரு மாவட்டத்தில், அதே பெண் தன் வீட்டில் தினம் மூன்று வேளை பிடிக்கிற கருவியை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள், அதை விற்கிற நாம்தான்.

கூர் மழுங்கினால்தான் ஆபத்து

கூரான கத்தி கையை வெட்டும், மழுங்கல் கத்தி ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் மாறாக இருக்கிறது. கூரான கத்தி, வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டும். அழுத்தும்போது தக்காளித் தோலிலும் வெங்காயத்தின் முதுகிலும் அது வழுக்கும். அழுத்திய பலம் முழுவதும் கத்தி போகும் பக்கம் போய், பிடித்திருக்கும் விரலில் முடியும். ஆகவே நல்ல கத்தி என்பதற்கு முதல் இலக்கணம், கூர் ஏற வேண்டும். ஏறிய கூர் நிற்க வேண்டும். பளபளப்பும் பிடியின் வண்ணமும் அதற்குப் பின்புதான்.

கூர் நிற்பதும் நிற்காததும் இரும்பின் வாகைப் பொறுத்தது. பச்சை இரும்பில் கரி, அதாவது கார்பன், மிகக் குறைவு. அதில் எவ்வளவு தீட்டினாலும் வாய் மடங்கி விடும். கார்பன் போதிய அளவு சேர்ந்த உருக்கை உலையில் செக்கச் செவேலென்று காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால் அது கெட்டிப்படும். இதைத்தான் நம் ஊர்க் கொல்லர்கள் தோய்ச்சல் என்கிறார்கள். தோய்ச்சல் ஏறிய இரும்பு கண்ணாடி போல உடையக் கூடியது என்பதால், அதை மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டி எடுக்க வேண்டும். இந்த இரண்டு சூடும் பதமாக அமைந்த அலகுதான் கத்தி. அட்டையில் வரும் கத்திகளில் பெரும்பாலானவை தகட்டில் அச்சு வெட்டி எடுத்து ஓரத்தைத் தேய்த்தவை. அவை கத்தியின் உருவத்தில் இருக்கும் தகடுகள், அவ்வளவே.

எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத இரும்பிலும் ஒரு மயக்கம் உண்டு. 1913-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதைக் கண்டு, அதைக் கத்தி செய்யப் பயன்படுத்தலாம் என்று எடுத்துச் சொன்னார். இந்த வகை இரும்பில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் இருக்கும். ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. தம்ளருக்கும் தூக்குவாளிக்கும் பயன்படும் 304 ரகம் நிக்கல் சேர்ந்தது. அது துருப்பிடிக்காது, ஆனால் சூடு ஏற்றித் தோய்ச்சல் வைத்தாலும் கெட்டிப்படாது. கத்திக்கு 420 போன்ற, கார்பன் கூடுதலாக உள்ள வேறு ரகம் வேண்டும். "எவர்சில்வர் கத்தி" என்று மட்டும் சொன்னால் அது தம்ளர் ரகமா கத்தி ரகமா என்பது விளங்காது.

இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கல்லாப் பெட்டியில் ஒரு காந்தத் துண்டு வைத்துக் கொள்ளுங்கள். அலகில் ஒட்டாவிட்டால் அது கத்திக்கு ஆகாத ரகம். கண்ணை மூடிக் கொண்டு தள்ளி விடலாம். ஒட்டினால் மட்டும் அது நல்ல கத்தி என்று ஆகி விடாது. கெட்டிப்படாத சில ரகங்களும் காந்தத்தில் ஒட்டும். காந்தம் கழித்துக் கட்டத்தான் உதவும். தேர்ந்தெடுக்க, தீட்டி வெட்டிப் பார்க்க வேண்டும். ஒரு அட்டையில் ஒரு கத்தியை எடுத்து வீட்டில் பதினைந்து நாள் புழங்கி விட்டு, அதன் பிறகு அந்த ரகத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். நாற்பது ரூபாய்தானே செலவு!

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

முதலில் பிடி. அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். பிடியின் கடைசி வரை போய், இரண்டு மூன்று ரிவிட் அடித்திருந்தால் அது ஆயுசுக்கும் ஆடாது. ஒரு அங்குலம் மட்டும் செருகிப் பிளாஸ்டிக் உருக்கி ஊற்றியிருந்தால், பரங்கிக்காயை வெட்டும் அன்று பிடி வேறு அலகு வேறாகி விடும். ஈரக்கையில் வழுக்காத பிடியாக இருக்க வேண்டும்.

அடுத்து அலகு. முதுகு கனமாகவும் வாய் மெலிந்தும், மேலிருந்து கீழே சீராகக் குறுகி வர வேண்டும். மேலே எவ்வளவு கனமோ கீழேயும் அவ்வளவு கனம் இருந்து, ஓரம் மட்டும் தேய்த்திருந்தால் காய் பிளக்குமே தவிர நறுங்காது. கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, முதுகு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தராசின் முள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு வேலையா?

அதன் பின் நீளம். டெலிவிஷனில் சமையல் நிகழ்ச்சி பார்த்து விட்டு எட்டு அங்குல 'செஃப்' கத்தி கேட்டு வருகிறவர்கள் இப்போது நம் பக்கமும் உண்டு. அகலமான, வாய் சற்று வளைந்த அந்தக் கத்தி, பலகையில் வைத்து முன்னும் பின்னுமாக ஆட்டி நறுக்குவதற்கு ஏற்பட்டது. நின்று கொண்டு சமைக்கும் மேடை உள்ள வீட்டில், வெங்காயமும் கோஸும் நிறைய நறுக்குகிறவர்களுக்கு நல்லதுதான். நம் பெண்களில் பலர் காயைக் கையிலேயே வைத்துப் பெருவிரலை நோக்கி நறுக்கும் பழக்கம் உள்ளவர்கள். அவர்கள் கையில் எட்டு அங்குலக் கத்தியைக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்கிக் கொடுப்பதாகும். நாலு அங்குலக் கத்தி அவர்களுக்குப் போதும். பலகைக்கு ஆறு அங்குலம் போதுமானது. "என்ன விலையில் வேண்டும்?" என்று கேட்பதற்கு முன் "பலகையில் நறுக்குவீர்களா, கையில் வைத்து நறுக்குவீர்களா?" என்று கேட்கப் பழக வேண்டும்.

உட்கார்ந்து நறுக்குகிறவர்களுக்கு அரிவாள்மணைக்கு ஈடு இன்று வரை வரவில்லை. அலகு அசையாமல் நிற்க, காயை இரு கையாலும் பிடித்து நகர்த்துகிற கருவி அது. சேனை, வாழைத்தண்டு, மீன் எதுவானாலும் அதில் இலகு. மணை ஆடாமல் தரையில் படிகிறதா, அலகு மடக்கும் ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முழங்கால் வலியால் உட்கார முடியாதவர்கள் மேடைக்குப் போய் விட்டார்கள் என்பது உண்மை. அதற்காக அரிவாள்மணையைக் கடையிலிருந்தே எடுத்து விடுவது சரியல்ல.

திருப்பாச்சேத்தியும் சோலிங்கனும்

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. அரிவாள் என்றாலே தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் வைத்து எடுக்கும் அலகுக்கு இந்தப் பக்கத்துக் கொல்லுப் பட்டறைகளில் பஞ்சமில்லை. ஸ்பிரிங் பட்டை வளைந்து நிமிரத் தக்க உருக்கு. கத்திக்கு வேண்டிய கார்பன் அதில் இருக்கிறது. கொல்லர்கள் அதைத் தேடிப் பிடித்தது சும்மா அல்ல.

இரும்பை அறிவது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்காலத்தில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவிலிருந்து போன 'வூட்ஸ்' உருக்கின் ரகசியத்தைத் தெரிந்து கொள்ள, 1820-ஐ ஒட்டி லண்டனில் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியும் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானியும் சேர்ந்து சோதனை செய்தார்கள். கத்தி வியாபாரிக்குச் சரக்கின் குணம் தெரிய வேண்டும் என்ற தாகம் இருந்தது. அந்தத் தாகத்தில் காற்பங்கு நமக்கு இருந்தால் போதும்.

ஜெர்மனியில் சோலிங்கன் என்று ஒரு ஊர். கத்திக்குப் பேர் பெற்றது. 1938-ஆம் ஆண்டு முதல் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் முறைப்படி செய்யாத கத்தியில் 'சோலிங்கன்' என்று பொறிக்கக் கூடாது. அதனால் அந்த ஊர்ப் பெயரே ஒரு உத்தரவாதமாக நிற்கிறது. நம்மிடம் ஊர் இருக்கிறது, கொல்லர் இருக்கிறார், கை வித்தை இருக்கிறது. அலகில் பெயர் மட்டும் இருப்பதில்லை. அட்டைக் கத்தியிலோ யாருக்கும் புரியாத அயல்நாட்டு எழுத்து பளிச்சென்று இருக்கிறது! நம் பக்கத்துப் பட்டறையில் கத்தி அடித்து வாங்கும் வியாபாரிகள், பட்டறைக்காரரின் முத்திரையை அலகில் குத்தித் தரச் சொல்ல வேண்டும். முத்திரை குத்தியவர் தோய்ச்சலில் ஏமாற்ற மாட்டார். கூர் போனால் எங்கே கொண்டு போவது என்று வாங்கியவருக்கும் தெரியும்.

சட்டமும் வரியும்

பொட்டலத்தில் அடைத்து வரும் கத்திக்கு, 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும், இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டில் செய்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். இவை ஒன்றும் இல்லாத அட்டையை வாங்கி மாட்டினால், பரிசோதனைக்கு வரும் அதிகாரி கேட்கும் கேள்விக்கு லைன் வண்டிக்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே பில் இல்லாமல் அட்டை வாங்காதீர்கள். கத்திக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டதைக் கொள்முதல் விலையில் பலர் கணக்கில் எடுக்காமல் கையைக் கடித்துக் கொண்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்திற்கும் விவசாயத்திற்கும் என்றே செய்த பொருள்களை 'ஆயுதம்' என்பதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் 2021 செப்டம்பரில் தமிழகக் காவல் துறை ரவுடிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது, அரிவாள், கத்தி செய்பவர்களையும் விற்பவர்களையும் அழைத்து, வாங்குகிறவர் விவரத்தை எழுதி வைக்கவும், கேமரா வைக்கவும் அறிவுறுத்தியது. காய் நறுக்கும் நாலு அங்குலக் கத்திக்கு இந்த அச்சம் தேவையில்லை. நீள அரிவாள் விற்கும் கடைக்காரர்கள், முகம் தெரியாதவரிடம் இரண்டு கேள்வி கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவர்களுக்கே பாதுகாப்பு.

விற்ற பிறகும் வேலை இருக்கிறது

கத்தி விற்கும்போது நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கடப்பாக்கல் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கக் கூடாது, மரப்பலகை வேண்டும். நாட்டு இரும்புக் கத்தி புளி, எலுமிச்சை, வாழைப்பூ பட்டால் கறுக்கும். கறுப்பது கெடுதல் அல்ல, ஆனால் கழுவியவுடன் துடைத்து வைக்க வேண்டும். சில நாள் எடுக்காமல் வைப்பதானால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். தேங்காயை உடைக்கவும் எலும்பை வெட்டவும் காய்க்கத்தியை எடுக்கக் கூடாது.

தீட்டுவதற்குக் கல் விற்கிறோம், தீட்டும் முறையைச் சொல்வதில்லை. கல்லை நனைத்து, அதன் மேல் கத்தியைப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு தூக்கிக் கொண்டு, அந்தச் சாய்வு மாறாமல் இரு பக்கமும் சமமாகத் தேய்த்தால் போதும். கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் உள்ள சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையலுக்குக் கூர் வந்து விடும். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், சக்கரத்தில் அழுத்தி வைத்து வாய் நீலம் பாரிக்கும்படி விட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நீலம் பாரித்தால் சூட்டில் தோய்ச்சல் இறங்கி விட்டது என்று பொருள்.

"ஏழை வாங்குவாரா?"

இதையெல்லாம் கேட்டால் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க் கத்தியை நம் ஊரில் யார் வாங்குவார்? முப்பது ரூபாய் கேட்கிறவருக்கு முப்பது ரூபாய் சரக்கைக் கொடுப்பதுதானே வியாபாரம்?" நியாயமான கேள்விதான். கையில் முப்பது ரூபாய் மட்டும் வைத்திருப்பவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் நாலு மாதத்திற்கு ஒரு முறை முப்பது ரூபாய் கொடுப்பவர், மூன்று ஆண்டில் ஒன்பது கத்திக்கு இருநூற்று எழுபது ரூபாய் கொடுத்திருப்பார். அந்த ஒன்பதில் ஒன்றும் வீட்டில் இருக்காது. இந்தக் கணக்கைச் சொல்வதற்கு நம்மை விடப் பொருத்தமானவர் யார்? அரிசியைத் தவணையில் கொடுக்கிற நாம், ஒரு நல்ல கத்தியை இரண்டு மாதப் பற்றில் எழுதிக் கொடுக்கக் கூடாதா?

இன்றைக்குக் கத்தியைப் படம் பார்த்து வாங்கும் காலம் வந்து விட்டது. பொட்டலம் வீட்டு வாசலுக்கே வருகிறது. விலையில் அவர்களோடு நாம் ஓட முடியாது. ஆனால் பொட்டலம் கொண்டு வருகிறவர் சாணை பிடித்துத் தர மாட்டார். பிடி ஆடினால் ரிவிட் அடித்துத் தர மாட்டார். எது உங்கள் கைக்கு ஏற்றது என்று கேட்க மாட்டார். நம் பலம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான். கடைக்குப் பத்து ரகம் வேண்டாம். கைக்கத்தி ஒன்று, பலகைக் கத்தி ஒன்று, அரிவாள்மணை ஒன்று என்று மூன்று போதும். மூன்றும் நாம் புழங்கிப் பார்த்தவையாக இருக்கட்டும். சங்கத்தின் மூலம் சேர்ந்து வாங்கினால் விலையும் இறங்கும், பக்கத்துப் பட்டறைக்கும் நிரந்தரமாக வேலை கிடைக்கும். மாதத்தில் ஒரு நாள், சாணை பிடிப்பவர் ஒருவரைக் கடைத்தெருவில் உட்கார வைத்து, நம் கடைகளில் வாங்கிய கத்திக்குப் பாதிக் கூலியை நாமே ஏற்கலாம். கத்தி தீட்ட வருகிறவர் மல்லியும் வத்தலும் வாங்காமலா போவார்?

ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைக்கிறோம். வீட்டில் அரிவாள்மணைக்கும் கத்திக்கும் சந்தனம் வைக்கிறார்கள். ஒரு நாள் மரியாதை போதாது. விரலில் துணி சுற்றி வந்த அந்தப் பெண்மணிக்கு, பிறகு பட்டறையில் அடித்து வாங்கிய ஒரு நாலு அங்குலக் கத்தியைக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, பற்றில் எழுதச் சொன்னார். போன மாதம் அதைத் தீட்டிக் கொண்டு போக வந்திருந்தார். கூடவே பக்கத்து வீட்டுக்காரி ஒருவரையும் அழைத்து வந்து, "இவளுக்கும் அதே மாதிரி ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்றார். இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த அட்டையில் அச்சடிக்க முடியும்?